யாரால் யார் மாறினார்கள்? சமூக ஊடகத்தில் ஒருவர்மீது ஒருவர் செலுத்தும் தாக்கத்தை அளப்பது பற்றி

#1 கயல்

அனைவருக்கும் வணக்கம். இரத்ததானத்துக்கு ஆள் திரட்டும் தன்னார்வக் குழு ஒன்றில் தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. பதிவு, நினைவூட்டல், நன்றி சொல்வது எல்லாமே சமூக ஊடகம் வழியாகத்தான் நடக்கிறது. ஒருவர் "நான் கொடையாளராகப் பதிந்துவிட்டேன்" என்று படத்தோடு போட்டால், அடுத்த சில நாட்களில் அவருடைய நண்பர்கள் சிலரும் பதிகிறார்கள். தரவிலும் இது தெளிவாகத் தெரிகிறது. பதிந்த நண்பர் ஒருவராவது இருப்பவர், அப்படி யாரும் இல்லாதவரைவிடப் பல மடங்கு அதிகமாகப் பதிகிறார்.

இதை வைத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் "செல்வாக்கு மதிப்பெண்" போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று குழுவில் பேச்சு. மதிப்பெண் அதிகம் உள்ள சிலரிடம் மட்டும் நேரத்தைச் செலவிடுவோம், மற்றவர்கள் அவர்கள் பின்னால் வந்துவிடுவார்கள் என்பது திட்டம். தவறான ஆட்களைப் பிடித்துக்கொண்டால் கிடைத்திருக்கவேண்டிய இரத்தம் கிடைக்காமல் போகும். அதனால்தான் கேட்கிறேன். ஒருவர் பதிந்த பிறகு அவர் நண்பர் பதிகிறார் என்பதையே தாக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒருவருடைய தாக்கத்தை ஒரே எண்ணில் சொல்லிவிட முடியுமா?

#2 மணிமுரசு

கயல், விளம்பரத் துறையில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கும் ஆசை புதிதல்ல. 2008-இல் தொடங்கிய க்ளவுட் என்ற சேவை ஆளுக்கு 1 முதல் 100 வரை மதிப்பெண் போட்டது. பெரிய நிறுவனங்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பலருக்கு இலவசப் பொருட்கள் அனுப்பின. 2018 மே 25-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். அந்த எண் எப்படி வந்தது என்பது வெளியாருக்கு முழுசாகத் தெரிந்ததே இல்லை.

எங்கள் தொழிலில் இன்றைக்குப் பார்ப்பது இவைதான்: எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், பதிவுக்கு எத்தனை லைக்கும் பகிர்வும் வருகின்றன, இவற்றை வைத்து எங்கேஜ்மென்ட் விகிதம் எவ்வளவு. ஃபாலோயர்களை விலைக்கு வாங்கமுடிகிற காலத்தில் முதல் எண்ணை மட்டும் நம்பி நான் ஒரு முடிவும் எடுப்பதில்லை. நான் நம்புவது தனி இணைப்பை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பதிவு இணைப்பைக் கொடுங்கள். யாருடைய இணைப்பு வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிவிடலாம். மதிப்பெண் மென்பொருளைவிட இது எவ்வளவோ மேல்.

#3 நிறைமதி

புள்ளியியல் கற்பிக்கிறேன். இந்தத் தலைப்பில் பல ஆய்வேடுகளை நெறிப்படுத்தியிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிமுரசு சொல்லும் தனி இணைப்பு, ஒருவர் யார் வழியாக வந்தார் என்பதைச் சொல்லும். யாரால் வந்தார் என்பதைச் சொல்லாது. நண்பர் இணைப்பை அனுப்பாமல் இருந்திருந்தாலும் அடுத்த வாரம் அவர் தானாகவே பதிந்திருக்கக்கூடும் அல்லவா? தாக்கம் என்றால், நண்பர் பகிர்ந்தபோது நடந்ததற்கும் அதே நண்பர் பகிராமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவதை யாரும் பார்க்கவே முடியாது. இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒன்றையே செய்தால் அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்திருக்கலாம். இனம் இனத்தோடு சேரும் என்பதுபோல, உதவும் மனம் உள்ளவர்கள் ஏற்கெனவே ஒருவரோடொருவர் நண்பர்களாகி, இருவருமே பதியும் இயல்போடு இருந்திருக்கலாம். அல்லது, வெளியிலிருந்து ஒரே காரணம் இருவரையும் தொட்டிருக்கலாம். மழை வரும்போது தெருவில் போகிறவர்கள் எல்லாரும் குடை விரிப்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் அல்லவே. உங்கள் குழு விபத்துச் செய்தி ஒன்றைப் பரப்பிய வாரத்தில் நண்பர்கள் இருவர் பதிந்தால், அது இந்த மூன்றாம் வகை.

இவற்றைப் பிரிக்காவிட்டால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2007-இல் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் ஃபிரேமிங்ஹாம் இதயநோய் ஆய்வில் இருந்த 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவை எடுத்து, ஒருவருடைய நண்பர் உடல் பருமன் அடைந்தால் அவரும் அடையும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுகிறது என்று எழுதினார்கள். உலகம் முழுவதும் "பருமன் தொற்றுகிறது" என்று தலைப்புச் செய்தி. மறு ஆண்டே ஈதன் கோஹன்-கோல், ஜேசன் ஃப்ளெட்சர் என்ற இருவர் அதே வகைக் கணக்கை வளரிளம் பருவத்தினரின் தரவில் போட்டுப் பார்த்தார்கள். முகப்பரு, தலைவலி, உயரம் மூன்றுமே நண்பர்களிடையே "தொற்றுவதாக" விடை வந்தது! நண்பரைப் பார்த்து யாரும் உயரமாவதில்லை. சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொற்று மறைந்துவிட்டது. பருமன் ஆய்வில் சொன்னது முழுக்கப் பொய் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் உயரம் தொற்றுகிறது என்று சொல்லக்கூடிய ஒரு முறையை வைத்துக்கொண்டு, இரத்ததானம் தொற்றுகிறது என்று நாம் அறிவிக்கமுடியாது.

உங்களுடைய "பல மடங்கு" இந்த மூன்றும் கலந்த எண்.

#4 தென்றல்07

அருமையான விளக்கம். பின்தொடர்கிறேன்.

#5 கயல்

நன்றி, நிறைமதி ஐயா. அப்படியென்றால் வயது, தொழில், எப்போது குழுவில் சேர்ந்தார், எவ்வளவு நேரம் இணையத்தில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்து, எல்லாவகையிலும் ஒத்த இருவரை எடுத்து, ஒருவருக்குப் பதிந்த நண்பர் இருக்கிறார், மற்றவருக்கு இல்லை என்று ஒப்பிட்டால் போதாதா? அந்த விவரங்கள் என்னிடம் இருக்கின்றன.

#6 நிறைமதி

போதாது. ஆனால் நிறைய உதவும். இதைச் செய்த ஆய்வுகளில் நான் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது சினான் ஆரலும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டது. யாஹூ மெசஞ்சரில் இருந்த 2.74 கோடி பேர் வலைப்பின்னலில் ஒரு கைபேசிச் சேவை எப்படிப் பரவியது என்று பார்த்தார்கள். நீங்கள் சொல்வதுபோலவே, அந்தச் சேவையை எடுக்கும் சாத்தியம் சமமாக உள்ளவர்களை இணைசேர்த்து ஒப்பிட்டார்கள். தொற்று என்று தோன்றியதில் பாதிக்கு மேல் ஒத்தவர்கள் சேர்ந்திருப்பதாலேயே வந்தது. இணைசேர்க்காத பழைய முறைகள் தாக்கத்தை 300 முதல் 700 விழுக்காடு வரை மிகைப்படுத்திக் காட்டின. உங்கள் மென்பொருளின் மதிப்பெண் எந்த முறையில் வருகிறது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இணைசேர்த்தல்கூட இல்லையென்றால் அந்த எண் எந்த அளவுக்கு ஊதியிருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

"போதாது" என்றதற்குக் காரணம் வேறு. அளந்த பண்புகளை வைத்துத்தான் இணைசேர்க்க முடியும். ஒருவரோடு ஒருவர் நட்பாகக் காரணமாக இருந்ததும், பதிவதற்குக் காரணமாக இருந்ததும் நம் பட்டியலில் இல்லாத ஒரு பண்பாக இருந்தால்? உதாரணமாக, குடும்பத்தில் யாருக்கோ இரத்தம் தேவைப்பட்ட அனுபவம். 2011-இல் காஸ்மா ஷலீசியும் ஆண்ட்ரூ தாமஸும் காட்டியது இதுதான்: வெறுமனே கவனித்துச் சேகரித்த வலைப்பின்னல் தரவில், ஒத்தவர் சேர்க்கையையும் தாக்கத்தையும் பொதுவாகப் பிரித்தெடுக்க முடியாது. தரவு எவ்வளவு பெருகினாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும்.

#7 நாற்கரம்

கணினி அறிவியல் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

கயல், உங்களிடம் நேரக்குறிப்பு இருக்கிறது அல்லவா? பதிவு நேரங்களைக் கலைத்துப் போட்டுப் பாருங்கள். யார் பதிந்தார்கள், யார் யாருக்கு நண்பர் என்பதை மாற்றவேண்டாம்; பதிந்த நேரங்களை மட்டும் அவர்களுக்குள் இடம்மாற்றுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பதிந்தால் வரிசை முக்கியம், ஆகவே கலைத்ததும் நண்பர்களிடையே உள்ள தொடர்பு பலவீனமாகவேண்டும். கலைத்த பிறகும் அப்படியே இருந்தால், அந்தத் தொடர்புக்குத் தாக்கம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 2008-இல் ஃப்ளிக்கர் தளத்தில் படங்களுக்கு இடும் குறிச்சொற்களை இப்படிச் சோதித்தார்கள். நண்பர்களிடையே ஒற்றுமை நன்றாகவே இருந்தது. ஆனால் அதைத் தாக்கத்தின் கணக்கில் எழுதமுடியவில்லை. ஒரு மாலை வேலைதான், செலவும் இல்லை. ஒரே வாரத்தில் எல்லாரையும் உசுப்பிவிடும் வெளிக்காரணம் வந்தால் இந்தச் சோதனையும் ஏமாறும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, யாருடைய பதிவு யார் கண்ணில் பட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா? நண்பர் போட்டார் என்பதும், நான் பார்த்தேன் என்பதும் ஒன்றல்ல. நடுவில் அல்காரிதம் இருக்கிறது. எனக்கு எது பிடிக்கும் என்று ஊகித்துத்தான் அது டைம்லைனை அடுக்குகிறது. இரத்ததானத்தில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவருக்கு நண்பரின் இரத்ததானப் பதிவு மேலே வரும். இல்லாதவருக்கு அடியில் போய்விடும். ஆக, "பார்த்தவர்கள் அதிகம் பதிந்தார்கள்" என்ற கணக்கும் கறைபட்டதுதான். பகிர்வுச் சங்கிலியை வரைவதிலும் இதே கதை. ட்விட்டர் தந்துவந்த தரவில் ஒரு ரீட்வீட்டை எடுத்தால் மூலப் பதிவர் யார் என்று இருக்கும். எந்த இடைநண்பரிடமிருந்து இவருக்கு வந்தது என்று இருக்காது. அ-விடமிருந்து ஆ, ஆ-விடமிருந்து இ என்று ஆய்வுகளில் வரையும் மரங்கள் பெரும்பாலும் நேரத்தையும் பின்தொடர்தலையும் வைத்து ஊகித்தவை.

#8 சோதனைச்சாலை

நிறைமதி ஐயா சொன்ன தடையைத் தாண்ட ஒரு நேர்வழி உண்டு: குலுக்கல். யார் எதைப் பார்க்கவேண்டும் என்பதை மனிதர்களின் இயல்பும் அல்காரிதமும் முடிவுசெய்யாமல் சீட்டு முடிவுசெய்தால், ஒத்தவர் சேர்க்கையும் வெளிக்காரணமும் இரு பக்கமும் சமமாகிவிடும்.

ஃபேஸ்புக்கில் எய்டன் பக்ஷி குழு செய்து 2012-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நண்பர்கள் பகிர்ந்த இணைப்புகளில் சிலவற்றைச் சிலருடைய ஃபீடில் குலுக்கல் முறையில் காட்டாமல் நிறுத்திவைத்தார்கள். 25.3 கோடி பயனர்கள். காட்டப்பட்டவர்கள் அதே இணைப்பைப் பகிரும் வாய்ப்பு, காட்டப்படாதவர்களைவிடச் சுமார் 7 மடங்கு. இந்த 7 மடங்கு உண்மையான தாக்கம், ஊதிய எண் அல்ல. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது மறுபக்கத்தை. நண்பருடைய பகிர்வைப் பார்க்காதவர்களிலும் சிலர் அதே இணைப்பைத் தாங்களாகவே தேடிப் பிடித்துப் பகிர்ந்தார்கள். கவனித்து மட்டும் எழுதும் கணக்கு அவர்களையும் நண்பரின் வரவில் எழுதியிருக்கும்.

செயலில் வரும் மாற்றம் எவ்வளவு சிறிது என்று தெரியவேண்டுமானால் 2010 அமெரிக்கத் தேர்தல் சோதனையைப் பாருங்கள். நவம்பர் 2 அன்று ஃபேஸ்புக்கில் நுழைந்த 6.1 கோடி பேர். பெரும்பாலோருக்கு "இன்று வாக்களிக்கும் நாள்" என்ற செய்தியோடு, வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்கள் ஆறு வரை. சுமார் 6 லட்சம் பேருக்கு முகங்கள் இல்லாத வெறும் செய்தி. இன்னொரு 6 லட்சம் பேருக்கு ஒன்றும் இல்லை. பிறகு வாக்குப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வெறும் செய்தி பார்த்தவர்கள், ஒன்றும் பார்க்காதவர்கள் அளவுக்கே வாக்களித்தார்கள். முகங்கள் பார்த்தவர்களிடம் 0.39 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். நேரடியாக ஏறத்தாழ 60,000 வாக்குகள், நண்பர்கள் வழியாகப் பரவியது 2,80,000 என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பரவலும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான். பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும் நண்பர்களால் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை.

கயல், ஒரு நாட்டின் தேர்தலிலேயே அரை விழுக்காட்டுக்கும் கீழ். உங்கள் குழுவில் "பல மடங்கு" வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

#9 வெண்புறா

இந்த இழையில் எல்லாரும் சோதனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். சோதிக்கப்படுகிறவர் பக்கமிருந்து ஒருவராவது பேசவேண்டும்.

2014-இல் வெளியான ஃபேஸ்புக்கின் உணர்ச்சித் தொற்று ஆய்வை நினைத்துப் பாருங்கள். 6,89,003 பேருடைய ஃபீடில், 2012 ஜனவரியில் ஒரு வாரம், சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தார்கள், சிலருக்குத் துயரமான பதிவுகளைக் குறைத்தார்கள். பிறகு அவர்கள் எழுதியதில் வந்த சொற்களை எண்ணினார்கள். கண்ட மாற்றம் மிக மிகச் சிறியது. ஆனால் அந்த ஏழு லட்சம் பேரில் ஒருவரிடமும் தனியாகக் கேட்கவில்லை. சேவை விதிமுறையை ஏற்றதே ஒப்புதல் என்றார்கள். ஆய்வை வெளியிட்ட இதழே பிறகு இதைப் பற்றிக் கவலை தெரிவித்துக் குறிப்பு போட்டது. அந்த வாரத்தில் மனம் உடைந்திருந்த ஒருவர் அந்தக் குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை.

கயல், உங்கள் குழுவில் இருப்பவை உடல்நலம் சம்பந்தப்பட்ட தகவல்கள். "உன் நண்பர்கள் இத்தனை பேர் கொடுத்துவிட்டார்கள்" என்று இல்லாத எண்ணைக் காட்டிச் சோதிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கொடுக்க முடியாத உடல்நிலையில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துக் கூனிக்குறுகக்கூடும்.

#10 சோதனைச்சாலை

வெண்புறா, முழுக்க உடன்படுகிறேன். பொய் எண் கூடாது, மறைப்பும் கூடாது. கீழே நான் சொல்லப்போகும் முறையில் யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது; யாரிடம் முதலில் பேசுவது என்பதை மட்டும் சீட்டு சொல்லும். அதையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கலாம்.

#11 மணிமுரசு

நிறைமதி சொன்ன "வழியாக", "யாரால்" என்ற வேறுபாடு நியாயம்தான். அதோடு எனக்கு ஒரு சந்தேகம். தாக்கம் சிறியது என்றே வைப்போம். அந்தச் சிறியதும் எல்லாரிடமும் ஒரே அளவாக இருக்காதே? சிலரிடம் அதிகம் இருக்கும். அந்தச் சிலரைக் கண்டுபிடிப்பதுதானே எங்கள் பிழைப்பு? லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைக் கொண்டவரை விட்டுவிட்டு வேறு யாரைப் பிடிப்பது?

#12 நாற்கரம்

பின்தொடர்பவர் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2010-இல் மீயங் சா குழு ட்விட்டரில் 5.4 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளை எடுத்து மூன்று பட்டியல் போட்டது: அதிகம் பின்தொடரப்படுபவர்கள், அதிகம் ரீட்வீட் ஆகிறவர்கள், அதிகம் பெயர் குறிப்பிடப்படுகிறவர்கள். மூன்று பட்டியலின் உச்சியிலும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கை ஒருவர் எவ்வளவு தெரிந்தவர் என்பதைக் காட்டுகிறது. மற்றவர்களைச் செயலில் இறக்கும் திறன் அதிலிருந்து தெரிவதில்லை.

அடுத்த ஆண்டு பக்ஷியும் டங்கன் வாட்ஸும் வேறு இருவரும் 16 லட்சம் ட்விட்டர் பயனர்களிடமிருந்து 2009-இல் கிளம்பிய 7.4 கோடி இணைப்புப் பரவல்களைப் பின்தொடர்ந்தார்கள். பெரிய பரவல்களைக் கிளப்பியவர்கள் சராசரியாக ஏற்கெனவே பலரை எட்டியவர்கள், நிறையப் பேர் பின்தொடர்பவர்கள். இதைக் கேட்டதும் மணிமுரசு, உங்கள் பக்கம் ஜெயித்ததுபோல இருக்கும். ஆனால் அதே பண்புகள் உள்ள இன்னும் எத்தனையோ பேரின் பதிவு எங்கும் பரவவில்லை. ஆகவே இந்தத் தனி ஆள், இந்தத் தனிப் பதிவு எவ்வளவு பரவும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்தப் பண்புகள் உதவவில்லை. பரவல்களில் பெரும்பாலானவை முதல் ஆளைத் தாண்டவே இல்லை. செலவையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்புள்ளி ஒருவரைவிடச் சராசரி ஆட்கள் பலரை அணுகுவது லாபமாக இருக்கும் சூழல்கள் நிறைய என்பது அவர்கள் முடிவு.

வென்றவர்களை மட்டும் எடுத்து "இவர்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் எப்போதும் ஏதாவது விடை கிடைக்கும். அதே பண்பு உள்ள தோற்றவர்களையும் எண்ணவேண்டும். மதிப்பெண் மென்பொருட்கள் இதைச் செய்வதை நான் பார்த்ததில்லை.

#13 நிறைமதி

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தாக்கம் அனுப்புகிறவரிடம் மட்டும் இல்லை, பெறுகிறவரிடமும் இருக்கிறது. 2012-இல் ஆரலும் டிலன் வாக்கரும் ஃபேஸ்புக்கில் திரைப்படம் சார்ந்த ஒரு செயலியை வைத்துச் செய்த சோதனையில், பயனர் ஒன்றைச் செய்ததும் அதைப் பற்றிய அறிவிப்பு எந்த நண்பருக்குப் போகவேண்டும் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தது. ஆகவே யார் யாரை அசைக்கிறார், யார் அசைகிறார் என்று இரண்டையும் தனித்தனியே அளக்க முடிந்தது. இளையவர்கள் மூத்தவர்களைவிட எளிதில் அசைந்தார்கள். மணமானவர்கள் மிகக் குறைவாக அசைந்தார்கள். மற்றவர்களை அசைக்கிறவர்கள் தாங்கள் எளிதில் அசைவதில்லை. இவை அந்தச் செயலிக்கு உரிய முடிவுகள்; இரத்ததானத்துக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது. ஆனால் ஒருவருக்கு ஒரு எண் என்ற வடிவமே பொருந்தாது என்பதற்கு இது வலுவான சான்று. இவர் இவரை அசைப்பார், அவரை அசைக்கமாட்டார். ஒருவருடைய தாக்கம் என்று தனியாக ஒன்று இருக்கவேண்டுமா என்ன? இணைக்கு இணை வேறுபடுவதை ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்கினால் அந்த வேறுபாடு முழுக்கப் போய்விடும்.

#14 நெடுநாள்_வாசகர்

குலுக்கல் நடத்த அதிகாரம் இல்லாதவர்களுக்கு இயற்கை நடத்தும் குலுக்கல் ஒன்று உண்டு. யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்து நண்பர்களோடு பகிரும் ஒரு வலைப்பின்னலில் சுமார் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டுத் தரவை ஆரலும் கிறிஸ்டோஸ் நிக்கொலாய்டிஸும் 2017-இல் ஆராய்ந்தார்கள். நண்பர் அதிகம் ஓடிய நாளில் நானும் அதிகம் ஓடினால் அது தாக்கமா, இருவரும் ஒரே வகை ஆட்களா? வானிலையைப் பிடித்தார்கள். நண்பர் வேறு நகரத்தில் இருக்கிறார். அங்கே மழை, ஆகவே அவர் ஓட்டம் குறைகிறது. அங்கே பெய்யும் மழை இங்கே இருக்கும் என்னைத் தொடாது. அப்படியிருந்தும் அன்றைக்கு என் ஓட்டம் குறைந்தால், அது நண்பர் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். நண்பர்கள் கூடுதலாக 1 கிலோமீட்டர் ஓடினால் அன்றே இவர் 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறார் என்று கிடைத்தது. குறைவாக ஓடுகிறவர்கள் அதிகம் ஓடுகிறவர்களை உந்தினார்கள். மறுதிசையில் அப்படி இல்லை! உச்சியில் இருப்பவரைப் பார்த்து அடியில் இருப்பவர் எழுவார் என்றுதான் நாம் எல்லாரும் நினைப்போம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

ஓர் எச்சரிக்கை: இரு நகரங்களிலும் ஒரே நேரத்தில் மழை பெய்தால் இந்த வாதம் உடைந்துவிடும். வானிலை வேறுபடும் இணைகள் வேண்டும்.

#15 கயல்

மென்பொருளைப் பற்றி மட்டும் கேட்க வந்தேன், எவ்வளவோ கிடைத்திருக்கிறது. நாற்கரம் சொன்னபடி நேரங்களைக் கலைத்துப் பார்த்தேன். தொடர்பு கொஞ்சம் குறைந்தது, பெரும்பகுதி அப்படியே நின்றது. ஆகவே நாங்கள் கொண்டாடிய "பல மடங்கு" பெரும்பாலும் ஒத்தவர்கள் சேர்ந்திருப்பதுதான் என்று குழுவில் சொல்லிவிட்டேன். "அப்படியானால் யாரிடம் போய்ப் பேசுவது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

#16 சோதனைச்சாலை

அந்தக் கேள்விக்கு நேரடியாக விடைதேடிய சோதனை ஒன்று உண்டு. ஹோண்டுராஸ் நாட்டில் 32 கிராமங்கள். 2015-இல் வெளியான ஆய்வு. ஊட்டச்சத்து மாத்திரையையும் குடிநீர் சுத்திகரிக்கும் குளோரினையும் முதலில் யாரிடம் கொடுத்தால் அதிகம் பரவும் என்பது கேள்வி. மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: அதிக தொடர்புள்ளவர்களைத் தேர்ந்தெடுப்பது, குலுக்கலில் எடுத்தவர்களிடம் கொடுப்பது, குலுக்கலில் எடுத்தவரிடம் "உங்கள் நண்பர் ஒருவர் பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டு அந்த நண்பரிடம் கொடுப்பது. மாத்திரை விஷயத்தில் மூன்றாம் வழி, வெறும் குலுக்கலைவிட 12.2 விழுக்காடு கூடுதலாகப் பரவச்செய்தது. அதிக தொடர்புள்ளவர்களைத் தேடிப் பிடித்தது குலுக்கலைவிட மேலாக இல்லை.

மூன்றாம் வழியின் அடிப்படை ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் எழுதிய நட்பு முரண். நண்பர் அதிகம் உள்ளவர் பலருடைய நண்பர் பட்டியலில் இருப்பார். ஆகவே எதேச்சையாக எடுத்தவரின் நண்பர், சராசரியாக அவரைவிட அதிக நண்பர்கள் உள்ளவர். வலைப்பின்னல் வரைபடமே தேவையில்லை, மென்பொருளும் தேவையில்லை.

இன்னொன்று, எப்படிப் பரவுகிறது என்பதும் பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு செய்தி ஒருவர் சொன்னாலே போதும், பரவிவிடும். உடலை வருத்தும் ஒரு செயலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நண்பர்கள் உந்தவேண்டியிருக்கும். 2010-இல் டேமன் சென்டோலா இணையத்தில் உடல்நலக் குழுக்களைச் செயற்கையாக அமைத்துச் சோதித்தார். ஒருவருடைய நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருக்கும் நெருக்கமான கொத்துகளில் 54 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். தொடர்புகள் சிதறிக்கிடந்த அமைப்பில் 38. இரத்ததானம் முதல் வகையா இரண்டாம் வகையா? இரண்டாம் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஆங்காங்கே ஒருவரைப் பிடிப்பதைவிட ஒரே கொத்தில் மூவரைப் பிடிப்பது மேல்.

ஆனால் என் ஊகத்தை நம்பாதீர்கள், மென்பொருளையும் நம்பாதீர்கள். இரண்டையும் சோதனையில் நிறுத்துங்கள். உங்கள் உறுப்பினர்களை நட்புக் கொத்துகளாகப் பிரியுங்கள். எந்தக் கொத்துக்கு எந்த வழி என்று சீட்டுப் போடுங்கள்: சிலவற்றில் மென்பொருள் காட்டும் ஆட்களிடம் பேசுங்கள், சிலவற்றில் "நண்பர் பெயர் சொல்லுங்கள்" முறை, சிலவற்றில் வெறும் குலுக்கல். மென்பொருளை விற்பவருக்குத் தன் எண்மீது நம்பிக்கை இருந்தால் சோதனைக் காலத்துக்கு இலவசமாகத் தரட்டும்.

#17 மணிமுரசு

இதை நானும் என் வாடிக்கையாளர்களிடம் கேட்கப்போகிறேன். குலுக்கலில் எடுத்தவர்களைவிட உங்கள் இன்ஃப்ளூயன்சர் எவ்வளவு கூடுதலாகச் செய்கிறார் என்ற ஒப்பீடு எங்கள் துறையில் கிட்டத்தட்ட நடப்பதே இல்லை.

#18 நிறைமதி

நல்ல அமைப்பு. சில திருத்தங்கள்.

தனி ஆட்களைக் குலுக்கி இரு பக்கமாகப் பிரித்தால், இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கத்து நண்பரிடம் பேசிவிடுவார், ஒப்பீடு கலங்கிவிடும். அதனால்தான் கொத்துக் கொத்தாகக் குலுக்கச் சொல்கிறார் சோதனைச்சாலை. அதற்கு ஒரு விலை உண்டு, கயல். எண்ணிக்கை ஆட்களில் இல்லை, கொத்துகளில்தான். ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் இருந்தும் கொத்துகள் இருபதுதான் என்றால், உங்கள் கையில் இருப்பது இருபது அளவைகள். ஆகவே வழிகளை மூன்றுக்கு மேல் கூட்டாதீர்கள். பிழை எல்லைகள், அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, அகலமாக வரும். அதை அப்படியே குழுவிடம் காட்டுங்கள், நடு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

லைக்கையும் பகிர்வையும் விளைவாக எடுக்கவேண்டாம். பதிவையும்கூட எடுக்கவேண்டாம். கொடை நடந்ததா என்பதை எடுங்கள். பதிந்துவிட்டு வராமல் போகிறவர்கள் இருப்பார்கள். நண்பருக்காகப் பதிந்தவர்கள் அதில் அதிகமா என்பது எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

எந்த எண்ணை ஒப்பிடப்போகிறீர்கள், எத்தனை வாரம் காத்திருப்பீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, குழுவில் எல்லார் பார்வையிலும் வையுங்கள். முடிவு வந்த பிறகு சாதகமான எண்ணைத் தேடும் ஆசை எல்லாருக்கும் வரும்.

#19 வெண்புறா

இரண்டு வேண்டுகோள். "நண்பர் பெயர் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, அந்த நண்பர் உங்கள் குழுவில் இல்லாதவராக இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் அவர் எண்ணை வாங்காதீர்கள்; சொன்னவரே அவரிடம் கேட்டுவிட்டுத் தரட்டும். சோதனை முடிந்ததும் யார் யாரை அசைத்தார் என்ற பட்டியலை ஆள்பெயரோடு வைத்திருக்காதீர்கள். இன்று இரத்ததானத்துக்குப் பயன்படும் அந்தப் பட்டியல் நாளை வேறு எதற்கும் கைமாறலாம்.

#20 கயல்

எல்லாம் குறித்துக்கொண்டேன். மூன்று வழிகள், கொத்துவாரியாகச் சீட்டு, விளைவாகக் கொடை மட்டும். எல்லாருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு. வேண்டாம் என்பவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். ஆள்பெயர்ப் பட்டியல் சோதனை முடிந்ததும் அழிக்கப்படும். வெண்புறா சொன்ன சம்மத வரியை நண்பர் பெயர் கேட்கும் படிவத்தின் முதல் கேள்வியாகவே சேர்க்கிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. இரண்டு கொத்துகளிலும் நண்பர்கள் உள்ள உறுப்பினர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

#21 நாற்கரம்

நண்பர்கள் அதிகம் உள்ள கொத்தில் சேருங்கள், ஆனால் தனிக் குறி போட்டு வையுங்கள். முடிவை அவர்களைச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை கணக்கிடுங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் கொத்துகளுக்கு நடுவே கசிவு இருக்கிறது என்று பொருள். அப்போது பிரிப்பையே மாற்றவேண்டியிருக்கும். பிரிக்கும் நிரலை அனுப்புகிறேன், ஆள் விவரம் நீக்கிய வரைபடம் இருந்தால் போதும்.